நாயின் வாயை முகர்ந்த ஐந்து வாரங்கள்

சொல்வதற்கு நன்றாக இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில், போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலே உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு உட்கார்ந்து எங்கள் நாயின் வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து வாரம். இந்த விஷயத்தை ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் யாருக்கும் என் மனைவி சொல்லவில்லை என்று நினைத்து, அவளுடைய பெருந்தன்மையை மெச்சிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள் என்பது அடுத்த விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போனபோது தெரிந்தது.

சுனாமி வந்துபோய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஷாதிபூரில் ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தோம். எங்களுக்குத் தரை என்பது பலகை. அதே பலகைதான் கீழே குடியிருந்த வீட்டுக்காரருக்குக் கூரை. அவர் தீவிலேயே பிறந்தவர். வீட்டில் பேசும் தமிழில் பாதி இந்தி. இந்தியில் பாதி தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அந்த டிசம்பர் காலையில் அவர் மீன் வாங்க ஜங்லிகாட் படகுத்துறைக்குப் போயிருந்தார். தண்ணீர் ஏறியதைப் பார்த்தார். பார்த்ததைப் பற்றி யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டில் லுங்கி கட்டவில்லை. மத்தியானம் படுத்தாலும் பேண்ட்டோடுதான் படுப்பார். வீட்டுச் சாவி பையில் இருக்கும்.

இப்படிப்பட்டவரின் தலைக்கு மேலே எங்கள் நாய்க்கு அரிப்பு வந்தது.

அது செம்மண் நிறத்தில் ஒரு தெருநாய். ஆறு வருஷத்துக்கு முன் குட்டியாக மாடிப்படி ஏறி வந்து, இறங்குவதை மறந்துவிட்டது. சென்னையில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் முதலில் நாயைத்தான் விசாரிப்பாள். பிறகு அவள் அம்மாவின் மூட்டுவலி. நேரம் மிச்சமிருந்தால் நான். அந்த வருஷம் மழை தொடங்கியபோது நாய் முதலில் பாதங்களை நக்கியது. பிறகு காதுகள். பிறகு வயிற்றில் முடி கொட்டி, தோல் சிவந்து தடித்தது. உட்கார்ந்த இடத்தில் பின்னங்காலால் விலாவைச் சொறியும்போது முழங்கால் பலகையில் இடிக்கும். தட தட தட என்று வீடே அதிரும்.

கீழே அண்ணாச்சியும் அவர் மனைவியும் வாசலுக்கு ஓடிவிடுவார்கள். மூன்று நாளுக்கு ஒரு தரம் வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்த டிரம் முற்றத்தில் நிற்கும். நிலம் ஆடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதற்குள் எட்டிப் பார்ப்பார். தண்ணீர் அசையாமல் இருந்தால் மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்ப்பார். அங்கே நான் நின்றுகொண்டிருப்பேன், நானே சொறிந்துகொண்டவன் மாதிரி.

ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக இப்படி ஆனதும் அவர் மேலே ஏறி வந்தார்.

"சார், பூமி ஆடுனா அது பகவான் இஷ்டம். உங்க குத்தா, அதான் நாய், ஆடுறது உங்க இஷ்டம். தோ மஹினா பாக்குறேன், ரெண்டு மாசம். அதுக்குள்ள நிக்கலைனா வண்டூர்ல என் மச்சான் தோப்பு இருக்கு, அங்க விட்டுடலாம். மண்ணு தரை. எவ்ளோ வேணா சொறியட்டும்."

வண்டூர்ப் பக்கத்து ஓடைகளில் முதலை உண்டு. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாததைத்தான் நான் கவனித்தேன்.

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். நாயைப் புரட்டிப் பார்த்து, தோலைச் சுரண்டி எடுத்து சோதித்து, இது சொறிப்பூச்சி இல்லை, ஒவ்வாமை என்றார். ஆறு வருஷமாக என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். மீன் என்றோம். அந்தத் தீவில் வேறென்ன சொல்ல முடியும்? அப்படியானால் மீனாகத்தான் இருக்கும் என்றார். ஆறு வருஷமாக ஒத்துக்கொண்டது இப்போது எப்படி என்று என் படிப்பைக் காட்டிக் கேட்டேன்.

"புதுசா வந்தது மேல சந்தேகப்படாதீங்க சார். தினமும் கூடவே இருக்கிறதுதான் ஒரு நாள் ஒத்துக்காமப் போகும்" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்டு வாரத்துக்கு அரிசிச் சோறு, பாசிப்பருப்பு, பூசணிக்காய் மட்டும். மீன், கோழி, பால், பிஸ்கட், எச்சில் தட்டு எதுவும் கூடாது. ஒரு வாய் வேறு ஏதாவது போனாலும் கணக்கு முதலிலிருந்து. அரிப்புக்குப் பத்து நாள் ஒரு மாத்திரை, தோலுக்குத் தினமும் ஒரு மாத்திரை. நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்பைப் போடக் கூடாது. வெளியே போய் வந்தால் பாதங்களை ஈரத்துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு கோப்பு மாதிரி நடத்தினேன். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஆறவைத்து வாரம் இரண்டு தரம் நாய்க்கு ஒரு வாளி. எனக்கு மிச்சம் மூன்று சொம்பு. காய்ந்து வெடித்த இடங்களில் தேங்காயெண்ணெய். நக்காமலிருக்க, அடி உடைந்த பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி வெட்டி அதன் கழுத்தில் மாட்டினேன். நாய் அந்த வாளியோடு ஒவ்வொரு கதவிலும் இடித்தது. அண்ணாச்சி அதற்கும் இரண்டு தடவை வாசலுக்கு வந்தார். காலையில் மனைவி தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போனதும் மாத்திரையை அனுபானத்தோடு கொடுத்துவிட்டு நான் அலுவலகம் போவேன்.

மூன்று வாரம் ஆனது. அரிப்பு குறையவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக முகர்ந்தேன். மீன் வாடை. மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், மீசைமுடியில் கருவாட்டு வாடை.

கீழ்முற்றத்தில் தகரத்தின்மேல் எப்போதும் கருவாடு காயும். அண்ணாச்சிக்கு நாய் போக வேண்டும். நாய்க்கு மீன் வேண்டும். இரண்டு விருப்பங்களும் ஒரே மாடிப்படியில் சந்தித்துக்கொள்வதில் என்ன சிரமம்? நான் நிறையத் துப்பறியும் கதைகள் படித்தவன். வயது வராத காலத்தில் படித்தவை வயது வந்த பின்னும் தங்கிவிடுகின்றன.

அன்றிலிருந்து அலுவலகம் விட்டு வந்தால் மாடிப்படித் திருப்பத்தில் நின்றேன். அவர்கள் சாயங்காலம் சீக்கிரமே, முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவர் முள்ளை எங்கே போடுகிறார், அவர் மனைவி தலையை எடுத்துவைத்து என்ன செய்கிறார், கை கழுவும்போது எந்தப் பக்கம் பார்க்கிறார் எல்லாவற்றையும் கவனித்தேன். என்னைப் பார்த்ததும் அவர்கள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை, கால்தடம் விழட்டும் என்று படிகளில் அரிசிமாவைத் தூவிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தபோது படி சுத்தமாகப் பெருக்கியிருந்தது. தடயத்தை அழித்துவிட்டார்கள். கோலம் போட வராது என்றால் சார் ஏன் சிரமப்பட வேண்டும் என்று அண்ணாச்சியின் மனைவி கேட்டதாக என் மனைவி வந்து சொன்னாள்.

ஐந்தாம் வாரத்தில் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டுவிட்டேன். நேராக அல்ல, அலுவலக முறையில். நம் வளாகத்தில் யாரோ நாய்க்கு மீன் போடுவதாகத் தெரியவருகிறதே அண்ணாச்சி என்றேன்.

"மச்சிலியா? எங்க பில்லிக்கே நாங்க போடுறதில்ல சார். அதுவா திருடித் தின்னுது" என்றார்.

பூனையை நடுவில் இழுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டிலும் நிலவரம் சரியில்லை. மனைவி காரணம் சொல்லாமல் முறைப்பாக இருந்தாள். சமையலறையில் டப்பாக்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஞாயிறு மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்தால் யாரோ முகத்துக்கு மிக அருகில் மூச்சுவிடுவதுபோல இருக்கும். விழித்தால் அவள் ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருப்பாள். இருபத்துமூன்று வருஷத் தாம்பத்தியத்தில் அன்பு இப்படித் தாமதமாகவும் வரலாம் என்று விட்டுவிட்டேன்.

எட்டு வாரம் முடிந்தது. வயிற்றில் ஒரு முடி முளைக்கவில்லை. மறுநாள் அண்ணாச்சியின் மச்சான் ஜீப்போடு வருவதாக ஏற்பாடு. கடைசி முயற்சியாக நாயை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நாயைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று மனைவியும் வந்தாள். வெளியாள் ஒருவர் சதி செய்கிறார் என்றும் சாட்சியம் என் மூக்கில் இருக்கிறது என்றும் மருத்துவரிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். சோறு? சோறுதான். பருப்பு? பாசிப்பருப்புதான். நடுவில் ஏதாவது? ஒன்றுமில்லை.

"மாத்திரையை எப்படிக் குடுக்கிறீங்க?"

"அனுபானத்தோடு" என்றேன்.

"அப்படின்னா?"

மாத்திரை மருந்து, அதைத் தொண்டைக்குள் கொண்டுபோகும் வாகனம் அனுபானம். சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டவனை யாரும் தேன் சாப்பிட்டான் என்று சொல்வதில்லை. பத்தியம் வேறு, அனுபானம் வேறு. நம் முன்னோர்கள் இதில் மிகத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். இப்படியாக விளக்கினேன். பேசப் பேச என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்க ஆரம்பித்தது.

"சார், எதுல வச்சுக் குடுத்தீங்க?"

"நெத்திலி" என்றேன். "கருவாடு. கொஞ்சம்தான். ஊறவைத்து, பிசைந்து, நெல்லிக்காய் அளவு."

மருத்துவர் நாயைப் பார்த்தார். நாய் என்னைப் பார்த்தது. பேசியது என் மனைவிதான்.

"அப்ப டப்பால கருவாடு கொறஞ்சது இதுக்கா? உப்பு ஆகாத பிரஷர்க்காரரு, நான் இல்லாதப்ப வறுத்துத் திங்காருன்னுல்லா நெனச்சேன். நீங்க நாய் வாய மோந்து பாத்திய. நான் எட்டு வாரமா ஒங்க வாய மோந்து பாத்துட்டு இருக்கேன்."

மருத்துவர் எழுந்து போய்க் கை கழுவினார். அதற்குள் ஒரு தடவை கழுவியிருந்தார். திரும்பி வந்து, இன்னொரு எட்டு வாரம் என்றார். மாத்திரையைப் பூசணிக்காயில் வைத்துக் கொடுக்கச் சொன்னார்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் இரண்டு வாய்களை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறோம். இரண்டு மூக்குமே சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன என்பதுதான் வேதனை. மனைவிக்காவது ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது என் கை மணம். அலுவலகத்தில் ஒரு கோப்பு தொலைந்தால் முதலில் என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கிறவன் நான். வீட்டில் மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் போய், மருந்து கொடுத்ததில் ஒரு நடைமுறைப் பிழை நேர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்று கேட்டேன். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. அவர், டீக் ஹை சார், சரி என்று மச்சானுக்குப் போன் போட்டார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் ஏதோ இருக்கிறது என்று பழைய நினைப்பில் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

பூசணிக்காய்க்குள் வைத்த மாத்திரையை நாய் முதல் நாளே, ஒரு முனகல்கூட இல்லாமல் விழுங்கியது. நான்காம் வாரம் பாதம் நக்குவது நின்றது. ஆறாம் வாரம் வயிற்றில் பழுப்பாகப் பூனைமுடி முளைத்தது. அதற்குப் பிறகு, எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, பலகைச் சத்தம் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அண்ணாச்சி ஒரு மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குவது பலகை இடுக்கு வழியாகக் கேட்டது. மகள் போனில் கேட்டபோது நாய் நன்றாக இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறது என்று சொன்னேன். அது எங்கே போவதாக இருந்தது என்று அவள் கேட்டாள். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு காலை அண்ணாச்சி முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவரைச் சந்தேகப்பட்டது, மாவு தூவியது, மாடிப்படியில் நின்று தினமும் அவர்கள் சாப்பிடுவதை வேவு பார்த்தது, கடைசியில் கருவாடு. அவர் உரித்த இறாலைக் கிண்ணத்தில் போட்டார்.

"அச்சா, அதுக்கா நின்னீங்க?" என்றார். "எங்க வீட்டுக்காரி தினமும் சொல்லுவா, மேல ரெண்டு துண்டு மச்சிலி குடுத்து விடலாமா, பாவம், பாத்துட்டே நிக்குறாரே, வீட்ல போட மாட்டாங்க போலன்னு. குத்தாவுக்கு இல்ல சார். உங்களுக்கு."