இடதுபக்கத்து ஊர்

திருத்தணிக்கு வாழ வந்து பதினான்கு வருடம் ஆகிறது. போன வருடம்வரை இந்த ஊரில் எனக்கு வழி தெரியாது. அது ஏன் என்று, சிரிப்பார்கள் என்பதால், யாரிடமும் சொன்னதில்லை.

என் கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் எங்காவது போகவேண்டுமென்றால் பாதி வேலையில் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுப்பார். மார்க்கெட், ஆஸ்பத்திரி, மலைக்கோயில், பள்ளிப்பட்டில் இருக்கும் என் அம்மா வீடு, எதுவானாலும் சரி. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இப்படிப்பட்ட மனிதரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

வண்டியில் நான் ஒருக்களித்து உட்காருவேன். இரண்டு காலும் இடதுபக்கம், முகமும் இடதுபக்கம். அதனால் போகும்போது சாலையின் ஒரு வரிசைக் கடைகள் தெரியும், திரும்பும்போது எதிர்வரிசை தெரியும். முன்னால் திரும்பிப் பார்த்தால் அவருடைய சட்டைதான். இப்படியே என் தலைக்குள் இரண்டு திருத்தணி உண்டாகிவிட்டது. ஒன்று போகும் திருத்தணி, இன்னொன்று வரும் திருத்தணி. இரண்டும் எங்கே ஒட்டுகின்றன என்று எனக்குத் தெரியாது. "இவளுக்கு வழியே தெரியாது, பஸ் ஸ்டாண்டுல தனியா வுட்டா அழுதுடுவா" என்று அவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும், ஆனால் அவர் சொன்னது பொய்யில்லையே.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி, புதிய டேப்லெட் வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினான். சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலும் அவர் கடையிலும் இருக்கும் மதிய நேரம் நீளமாக இருந்தது. ஒருநாள் தம்பி வந்தபோது அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். நாமே ஒரு ஆளாகி இன்னொரு உலகத்துக்குள் போய் நடமாடும் விளையாட்டு. உள்ளே போனதும் தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு ஒரு கிழவர் நின்றிருந்தார். காட்டுக்குப் போ, பத்து ஓநாயைக் கொல், வா என்றார். போகவேண்டிய வழியைத் தரையில் ஒரு மஞ்சள் அம்பு காட்டியது. கொன்றுவிட்டு வந்தால் அடுத்த கிழவர், அடுத்த அம்பு. மூன்று வாரம் அங்கே இருந்தேன். அந்த உலகத்தில் ஒரு ஊரின் பெயர்கூட இன்று ஞாபகம் இல்லை.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"சண்டையெல்லாம் வாணான்டா. சும்மா சுத்திப் பாக்கற மாதிரி எதுனா கீதா?"

"ஊரு சுத்தற வீடியோ பாரேன்க்கா. எவ்ளோ கீது."

"அதுல அவன் போற எடத்துக்குத்தான் நான் போவணும்."

"எங்க வேணா போற மாதிரி, ஓப்பன் வேர்ல்டுன்னு சொல்வாங்க, அதுல தேடு. ஆனா முக்காவாசி சும்மா பேரளவுக்குத்தான் ஓப்பன்" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஒன்றை இறக்கிப் பார்த்தேன். உலகம் பெரிதுதான், ஆனால் நம் நிலைக்கு, அதாவது லெவலுக்கு, மீறிய எல்லையில் காலை வைத்தால் ஒரே அடியில் சாகவேண்டியது. இன்னொன்றில் வரைபடத்தைத் திறந்ததுமே புதையல் இங்கே, குகை அங்கே என்று புள்ளி புள்ளியாகக் குறித்திருந்தார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நான் போய் எதைப் பார்ப்பது? புடவைக்கடையில் எல்லாப் புடவையையும் பிரிக்கவைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து வருகிறவள் மாதிரி, இறக்குவதும் அழிப்பதுமாக ஒரு மாதம் போனது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அதில் வரைபடம் வெறும் சாம்பல் நிறம். நம் கண்ணில் பட்ட இடம் மட்டும் வண்ணமாகும். அம்பு கிடையாது. ஒரு மலை உச்சியில் ஏறினால், அதுவரை பார்க்காத ஓர் ஆற்றைப் பார்த்தால், அதற்கே புள்ளிகள் கொடுத்தார்கள். மற்றவர்கள் கொன்று குவித்து ஏறும் நிலைகளில் நான் நடந்தே ஏறலாம். கோயில் போல ஒரு கட்டிடம் தெரிந்தால் ஒரு சுற்று வலம் வந்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். அந்தப் பழக்கத்தால் பின்பக்கச் சுவர் ஓரம் ஒளித்துவைத்திருந்த பெட்டிகளெல்லாம் எனக்குக் கிடைத்தன. நேராக வாசலில் நுழைகிறவர்களுக்கு அது தெரியாது.

ஆனால் அங்கே என் முதல் நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த உலகத்தில் ஒரே சமயத்தில் பல பேர் ஆடுகிறார்கள். தம்பி என்னை ஒரு தமிழ்க் குழுவில் சேர்த்துவிட்டிருந்தான். ஆட்டம் ஆரம்பித்ததும் ஒரு கோட்டை வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். நான் நின்றேன். யாராவது வந்து அழைத்துக்கொண்டு போவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் வாசலைத் தாண்டிப் போனார். அவர் தலைக்கு மேல் எங்கள் குழுவின் அடையாளம் இருந்தது. பின்னாலேயே நடக்க ஆரம்பித்தேன். அவர் ஆற்றைக் கடந்தார், நானும் கடந்தேன். அவர் நின்றார், நானும் நின்றேன். அவர் ஒரு மரத்தை இரண்டு முறை சுற்றினார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நானும் இரண்டு முறை சுற்றினேன். அவர் என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பது அப்போது உறைக்கவில்லை. திரையில் எழுத்து வந்தது.

"என்னங்க, ஒரு மணி நேரமா என் பின்னாடியே வர்றீங்க?"

"எனக்கு வழி தெரியாதுங்க. நீங்க போற எடத்துக்கு வரலாம்னு" என்று தட்டினேன்.

"எனக்கும் தெரியாது. இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல."

"அப்ப எப்படி முன்னாடி போறீங்க?"

"முன்னாடி யாரும் இல்லியே, அதான்."

குதித்து ஒரு பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டார். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. மறுபடி பார்க்கவும் இல்லை. நான் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தெரியாமலே ஒருவர் முன்னால் போகலாம் என்பது என் புத்திக்கு எட்டியதே இல்லை. பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டே அதையே யோசித்தேன்.

அதற்குப் பிறகு தனியாகத்தான் நடந்தேன். தொலைந்தால் உயரமான இடமாகப் பார்த்து ஏறவேண்டும், ஏறி நான்கு பக்கமும் பார்க்கவேண்டும். அந்த ஆட்டத்தில் நான் கற்ற வித்தை மொத்தமே அவ்வளவுதான். சில வாரம் கழித்து என் வரைபடத்தை முழுதாக விரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நான் நடந்த பாதைகளுக்கெல்லாம் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் ஏறியிருந்தது. மறுபக்கம் சாம்பல். திரையில் ஆளை நேராக நடக்கவிட்டு, பார்வையை இடதுபக்கமே திருப்பி வைத்திருக்கிறேன். அங்கே வண்டியும் இல்லை, கணவரும் இல்லை, இருந்தும் நான் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கே என்மேல் கோபம் வந்தது. மறுநாள் மதியம் செருப்பை மாட்டிக்கொண்டு கடைவீதிக்கு நடந்தேன். வலது, இடது, வலது என்று வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனேன். அப்போதுதான் தெரிந்தது, போகும்போது பார்க்கும் மருந்துக்கடையும் வரும்போது பார்க்கும் பூக்கடையும் எதிரெதிரே இருக்கின்றன. மருந்துக்கடை வாசலில் நின்றால் பூக்காரம்மா மல்லிக்குத் தண்ணீர் தெளிப்பது தெரிகிறது. பதினான்கு வருடமாக அந்த இரண்டையும் ஊரின் இரண்டு மூலைகளில் வைத்திருந்தேன். சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மாத்திரை எதுவும் தேவையில்லாமலே ஓர் அட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் வேலை வந்தது. என்னோடு கல்லூரியில் வேதியியல் படித்தவள் ஒரு தனியார் பால் கம்பெனியில் இருக்கிறாள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பால் வாங்கும் இடங்களுக்குப் போய்ப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்றாள். காலையில் கேன்களை ஏற்ற வேன் வருவதற்கு முன் போய், பாலின் கொழுப்பைச் சரியாக அளந்து எழுதியிருக்கிறார்களா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று ஊர். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். மகளை அடுத்த தெரு டியூஷனில் விடுவதைத் தாண்டி அதை ஓட்டியதில்லை. "அந்தப் பக்கம் ஊருல்லாம் தெரியுமாம்மா?" என்று மேனேஜர் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். "ரெண்டு வாட்டி வேன் போனப்புறம் போயி நின்னீங்கன்னா, வேற ஆளப் பாத்துக்குவோம்" என்றார். அதில் ஒளிவுமறைவு இல்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். படித்த படிப்பு பெட்டிக்குள் கிடக்கிறதே என்ற ஆதங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் தோற்றால், இவளுக்கு வழி தெரியாது என்பது ஊர்ஜிதமாகிவிடும். பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை, நானே சொல்லிக்கொள்வேன். அதுதான் பயமாக இருந்தது.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம நான் கூட்டினு போயி எல்லாத்தையும் காட்டிடறேன்" என்றார். கடையை மூடிவிட்டு, வெயிலில், ஒவ்வொரு ஊராகக் கூட்டிக்கொண்டு போனார். இங்க திரும்பணும், அந்தத் தொட்டிய அடையாளம் வெச்சுக்கோ என்று கத்திக்கொண்டே ஓட்டினார். நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழக்க தோஷம். வீட்டுக்கு வந்ததும் "புரிஞ்சுதா?" என்றார். "ஆங்" என்றேன். என் தலையில் இருந்ததெல்லாம் இடதுபக்கத்துக் கரும்புத் தோட்டங்களும், தறிச்சத்தம் வந்த சில வீடுகளும்தான்.

திங்கட்கிழமை காலை முதல் இரண்டு ஊர்களும் போனில் மேப்பைக் கேட்டுக் கேட்டே முடிந்துவிட்டன. மூன்றாவது ஊருக்குப் போகும் வழியில், ஆந்திர எல்லை நெருங்கும் இடத்தில், போனில் சிக்னல் போய்விட்டது. வழி சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. ஒரு முச்சந்தி. கடை போர்டு ஒன்றில் தெலுங்கு எழுத்து, கடை பூட்டியிருந்தது. கேட்க ஒரு ஆள் இல்லை. ஒரு பாதையில் போனேன், அது கரும்புக்குள் போய் முடிந்தது. திரும்பி வந்து இன்னொன்றில் போனேன், அது ஒரு வறண்ட ஓடையில் இறங்கியது. வேன் வர இருபது நிமிடம்தான் இருந்தது. எங்கேயாவது நின்றுவிடத் தோன்றியது, யாராவது வருவார்கள் என்று.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைக்குன்று இருந்தது. மேலே சின்னதாக ஒரு சாமிக்கல், மஞ்சள் பூசியது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது சிக்னல் திரும்பிவிட்டது போல, போன் அடித்தது. அவர்தான்.

"எவ்ளோ நேரமா அடிக்கிறேன். எங்க கீறே?"

"தெரியலீங்க."

"தெரியலியா? சரி, அங்கியே நில்லு. நான் வரேன்."

"எங்கன்னு வருவீங்க? எனக்கே தெரியல."

கடையில் ஏதோ மோட்டாரைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது நின்றுபோகும் சத்தம் கேட்டது.

"பயமா கீதா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

"எனக்குத்தான்" என்றார் அவர்.

அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அவரைத் தேற்ற ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே மெதுவாக ஒரு சுற்று திரும்பினேன். மலைகள், நான் வந்த சாலை, பூட்டிய கடை. வலதுபக்கம், புளியமரங்களுக்குப் பின்னால், தகரக் கொட்டகை ஒன்றின் முன் ஐந்தாறு பெண்கள் தூக்குவாளிகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அதற்குப் போகும் வண்டிப்பாதை ஓடையை ஒட்டியே இருந்தது. தூரத்துத் தார்ச்சாலையில் பால் வேன் வந்துகொண்டிருந்தது.

"ஊரு தெரியுதுங்க. வேன் இன்னும் வந்து சேரல. நான் எறங்கறேன்."

"ஆங்" என்றார். போனை வைக்கவில்லை. பிறகு, "பாத்துப் போ" என்றார்.

இந்தப் பதினான்கு வருடத்தில் அவர் எனக்கு அதைச் சொல்லவேண்டி வந்ததே இல்லை.