நூறு ஜன்னல் வீட்டுக்குக் கொடுத்த செம்பு

எங்கள் தெருமுனையில் இருந்த வீட்டை நூறு ஜன்னல் வீடு என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்றுதான் தேறும். மதுரைக்காரர்களுக்கு வாய்க்கணக்கு கொஞ்சம் தாராளம். நூல் வியாபாரி ஒருவர் கட்டியது. அவருக்குப் பின் பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடந்து, பஞ்சு குடோனாகி, ரேஷன் கடையாகி, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மியூசியம் ஆனது.

வீடு இருந்ததே தவிர, உள்ளே வைக்கப் பொருள் இல்லை. கீழக்குயில்குடிப் பக்கம் வயலில் கிடைத்த இரண்டு உடைந்த தாழிகளை வைத்துக்கொண்டு எத்தனை அறையை நிரப்புவது? அதனால் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வீட்டிலுள்ள பழைய பொருளைக் கொடுங்கள், கொடுத்தவர் பெயரை அட்டையில் எழுதி வைப்போம் என்றார்கள். பக்கத்து பெஞ்சுக்காரி ஆட்டுரல் கொடுக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் பீரோவில் ஒரு பித்தளைப் பன்னீர்ச் செம்பு இருந்தது. அவள் கல்யாணத்துக்கு அவள் தம்பி வாங்கி வந்தது. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாமாதான் பன்னீர் தெளித்தாராம். அந்த வருடமே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் செம்பில் யாரும் பன்னீர் ஊற்றவில்லை. நான் மாமாவைப் பார்த்ததில்லை; எனக்கு அவர் ஆல்பத்தில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். சும்மா கிடக்கிற பொருள்தானே என்று யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"எம்புட்டு வருசத்துப் பொருள் பாப்பா?" என்றார் மியூசியம் அதிகாரி.

"நூறு வருசம் சார்" என்றேன். ஜன்னலுக்கே நூறு சொல்லும் ஊரில் செம்புக்குச் சொன்னால் குற்றமா?

திறப்பு நாளில் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் செம்பு பளபளவென்று இருந்தது. கீழே அட்டையில் என் பெயர். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடி விழும் என்று நான் தள்ளி நின்றேன். அவளோ நேராக அதிகாரியிடம் போனாள்.

"சார், வீட்டுக்குத் தெரியாமப் புள்ள எடுத்தாந்துருச்சு. ஒரு தடவை கையில குடுங்க."

அவர் பயந்துபோய், "எடுத்துக்கிட்டே போயிருங்கம்மா" என்று பெட்டியைத் திறந்தார்.

அம்மா மூடியைத் திருகிச் செம்பை மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும் ஒரு தடவை முகர்ந்தாள்.

"உள்ள கழுவுனியாடி?"

"ஆமாம்மா. புளி போட்டு, சோப்புப் போட்டு, மூணு தடவை."

அம்மா மூடியைத் திரும்பப் பொருத்திச் செம்பை அவரிடமே நீட்டினாள். "இருக்கட்டும் சார். இனிமே இங்கனயே இருக்கட்டும்." என்ன பெரிய மனசு என்று சுற்றி நின்றவர்கள் புகழ்ந்தார்கள்.

மாமா ஊற்றிய பன்னீரின் வாசம் பதினோரு வருடம் அதற்குள் இருந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அட்டையில் என் பெயரைப் பார்த்துத்தான் அம்மா மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் படியிறங்கும்போது, "அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவை தேச்சுக் குடுக்கவாம்மா?" என்று கேட்டேன்.