உதறாத டம்ளர்

மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பொன்னன் டம்ளரைக் கழுவினால் தண்ணீரை உதறமாட்டார். சொட்டச் சொட்ட அப்படியே நீட்டுவார். மனைவி பாப்பாயி ஏசாத நாளில்லை. ஏசட்டும். உதறப்போனாலே அவருக்கு அந்த வருஷம் ஞாபகம் வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அது. பூமிக்கடியில் எவ்வளவு சூடு இருக்கிறது, அதை வைத்து இயந்திரம் ஓட்டலாமா என்று பார்க்க ஒரு கம்பெனி மலையேறி வந்தது. ரோடு ஏது அப்போது? துளை போடும் மெஷினைப் பிரித்து, அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து தோளில் சுமந்தார்கள். சுமந்தவர்களில் பொன்னனையும் சேர்த்து ஆறு பேரைப் பொறுக்கி வேலை பழக்கினார் இஞ்சினீயர் மாதேஸ்வரன்.

அடடா, என்ன நாட்கள் அவை! பாறை மாறினால் இரும்புத் தண்டு வேறு மாதிரி அதிரும். பொன்னன் கைவைத்தே சொல்லிவிடுவார். சாமைக்காட்டில் குனிந்தே கிடந்த மனுஷனுக்குத் தன் கை இவ்வளவு கெட்டிக்காரக் கை என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த மலையில் வேலை முடிந்ததும் ஒருவரை மட்டும் மெஷினோடு அடுத்த மலைக்குக் கூட்டிப்போவார்கள். அது பொன்னன்தான் என்று இஞ்சினீயரே சொல்லியிருந்தார். துளைக்குள் தெர்மாமீட்டரை இறக்கி ஏற்றும் பொறுப்பும் அவருக்குத்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாதேஸ்வரனுக்குக் காய்ச்சல். கம்பெனிக் கம்பவுண்டர் தெர்மாமீட்டரை உதறிவிட்டு வாயில் வைக்கப்போனார். எதற்கு உதறுகிறீர்கள் என்று பொன்னன் சும்மாதான் கேட்டார். ஏறின பாதரசம் தானாக இறங்காது, உதறினால்தான் பழைய சூடு இறங்கும் என்றார் அவர். துளையில் விடுவதும் இதே மாதிரிதான் என்று படுத்தபடியே முனகினார் மாதேஸ்வரன்.

உதறினால் துளையின் சூடும் இறங்கியிருக்குமே என்று பொன்னனுக்கு அப்போதுதான் உறைத்தது. சேறும் சகதியுமாக மேலே வருவதை அப்படியே பெரிய மனுஷர் கையில் கொடுப்பதா என்று, மூன்று மாதமும் ஓடையில் அலசி, நன்றாக உதறி, மரியாதையாக நீட்டியிருக்கிறார்! இந்த மலைக்கடியில் சூடே இல்லை என்று எழுதியும் முடித்தாயிற்று. வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு மெஷினோடு போய்விடலாம்.

சொல்லிவிட்டார்.

"தப்பு எம்மேலதானுங்க. அலசி, ஒதறித்தான் குடுத்தேன். நீங்க எழுதுனது அத்தனையும் தப்புங்க."

மாதேஸ்வரன் மேலும் எட்டு நாள் தங்கி, எல்லாத் துளைகளையும் பொன்னனை வைத்தே மறுபடி அளந்தார். ஆழம் போகப் போகச் சூடு ஏறியது. இயந்திரம் ஓட்டத்தான் அது போதவில்லை. தாமதத்துக்கு மேலிடத்தில் காரணம் கேட்டார்கள்; உள்ளதை எழுத வேண்டியதாயிற்று. மெஷினோடு போகிற வேலை, அந்த ஆறு பேரில் ஒருவனான செங்கோடனுக்குப் போயிற்று.

சாமான்கள் மலையிலிருந்து இறங்கிய அன்று தெர்மாமீட்டர் பெட்டியை மட்டும் மாதேஸ்வரன் யாரிடமும் கொடுக்கவில்லை. "இத நீயே கொண்டா, பொன்னா. வேற ஆரையும் நம்ப முடியாது" என்றார். அடிவாரம் வரைக்கும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார் பொன்னன். அங்கே லாரியில் உட்கார்ந்திருந்த செங்கோடனின் மடியில் வைத்தார். கையை எடுக்க மனசே வரவில்லை.

"ஒதறிப்போடாத, கண்ணு" என்றார்.