பதினெட்டு இறாத்தல் ஸ்பிரிங்

கடைமேசைக்குப் பின்னால் இருந்து பிழைத்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிங் விற்கிறவளுக்கு முதலில் நோவது வாய்தான்.

எழுபதுகளில், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, புலம்பெயர்ந்து வந்த லிட்கம் என்ற ஊரில் ஒரு துப்பாக்கிக் கடையில் எனக்கு ஸ்பிரிங் மேசை கிடைத்தது. கைத்துப்பாக்கி சுட்டதும் பின்னால் ஓடுகிற மேல்துண்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுகிற ஸ்பிரிங். அதன் பலத்தை இறாத்தல் எடையில் சொல்வார்கள், இறாத்தல் கூடினால் இறுக்கமும் கூடும். மாதத்தில் மூன்று ஸ்பிரிங் திரும்பி வந்தால் பின்கொட்டிலில் பெட்டி கட்டப் போகவேண்டும் என்றார் முதலாளி. அங்கே கதிரை இல்லை, குளிர்ந்த சீமெந்துத் தரை. என் முழங்காலை நினைத்து, விளக்கேற்றும்போது ஒரு தேவாரம் கூடுதலாகப் பாடினேன்.

பெரிய புயம்

தோள் அகன்ற ஒருவர் பதினெட்டு இறாத்தல் கேட்டார். "நீங்கள் சுடுறது கிளப் தோட்டா ஐயா, அதுக்கு வலு குறைவு. மேல்துண்டு பாதியில நிண்டிடும்" என்றேன். கேட்கவில்லை. திங்கட்கிழமை திரும்பி வந்தார். மேல்துண்டின் வாயில் சுட்ட தோட்டாவின் வெறுங்கோது நட்டபடி நின்றது.

"உங்கட ஸ்பிரிங்குக்குப் பலம் காணாது அம்மா, இருபது இருக்கே?"

குறட்டுக்காரர்

இன்னொருவர் பதினாறு வாங்கிப்போய், இறுக்கம் என்று வீட்டில் குறட்டால் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிட்டார், அது தளர்ந்துபோயிற்று. வெட்டினதையே மாற்றித் தரச் சொல்லி நின்றார். முதலாளி என்னைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார்.

"கோது பறக்கிற பறப்பில பக்கத்தில சுடுறவன் இப்ப தொப்பியோடதான் வாறான்" என்று முறையிட்டார் குறட்டுக்காரர்.

டோரிஸ்

விரல் மூட்டெல்லாம் வீங்கின டோரிஸ், புருஷனோடு வந்தாள். இருவரும் ஒரே கிளப், ஒரே தோட்டா. "ரெண்டு பேருக்கும் பதினெட்டு" என்றார் அவர். நான் தோட்டா போடாத துப்பாக்கியில் பன்னிரண்டைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். முருகா, இது திரும்பி வந்தால் நான் கொட்டிலில்தான். மேல்துண்டை அவளே இழுத்தாள், முகம் மலர்ந்தது. அவர் தன் பதினெட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் டோரிஸ் ஒரு கடிதவுறையை நீட்டினாள். உள்ளே பதினெட்டு.

"என்ரது நல்லா ஓடுது, இது அவரின்ரது, பாதியில நிக்குது, அவருக்கும் பன்னிரண்டு தாங்கோ, நான் கேட்டதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

முதலாளி மூன்றாவது விரலையும் நீட்டினார்.

அந்த மாரிக்காலம் முழுக்க, என் சொல் கேட்டவர்களும் கேளாதவர்களும் சுகமாகச் சுட்டார்கள், நான் கொட்டிலில் பெட்டி கட்டினேன்.