தம்பியின் படத்துக்குப் பின்னால் என்ன நிறம்?

காய்ந்த பிசின் வாசம்...

சிமோனின் வீட்டுக் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும். பிறகு கோப்பி வாசம். அதற்குப் பிறகு அவருடைய ஏச்சு.

2009ஆம் ஆண்டு. டென்மார்க்கின் கோல்டிங் நகரில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. சிமோன் பிரெஞ்சுக்காரி, எண்பது கடந்தவர். பெருவிரல் நகத்தளவு இடத்தில் மனித முகம் வரைவது அவருடைய தொழில். பதினைந்து வயதில் பிரான்சில் ஒரு பட்டறையில் தொடங்கியவர், டேனிஷ் மாலுமி ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். மெல்லிய கன்றுத் தோலில், நாலு மயிர்த் தூரிகையால், சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போடுகிற படங்கள். புருஷன் பாதி வருடம் கடலில் நிற்க, இந்த முகங்களை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்.

பணக்கார வீடுகளில் அவரைச் சமையலறை வாசலால்தான் உள்ளே விடுவார்களாம். அதைச் சொல்லும்போது பல்லைக் கடிப்பார். எனக்கு அவரைப் பிடித்ததே அந்தக் கோபத்துக்காகத்தான்.

ஏனென்றால் அந்த வருடம் எனக்கும் கோபம்தான் சாப்பாடு.

மே மாதம் இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று உலகம் சொன்னது. என் தம்பி ரவியைச் சரணடைந்தவர்களோடு இராணுவம் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் போனில் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை.

எங்களிடம் இருந்தது அவனுடைய ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். என்னோடு இருந்த அம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

என் மனுசன் அம்மாவிடம் போய், "படத்தைத் தாங்கோ மாமி, இன்னொரு கொப்பி எடுத்துக்கொண்டு வாறன்" என்று கேட்டு வாங்கினார்.

அடுத்த சனிக்கிழமை இங்குள்ள எங்கள் தமிழ்ச் சனம் மண்டபத்தில் வைத்த அஞ்சலிக் கூட்டம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறேன்... செத்தவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் ரவி! மாலை போட்டு, விளக்கு வைத்து.

நேரம் இல்லையென்று கொப்பியும் எடுக்கவில்லை, கண்ணாடிச் சட்டமும் போடவில்லை. அந்தச் சின்னப் படத்தையே அட்டையில் ஒட்டி, கண்ணாடியில் வைக்கிற பொட்டை நேரே அவன் முகத்திலேயே வைத்திருந்தார்கள். ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"ஆர் பிள்ளை அவனுக்குப் பொட்டு வைச்சது?" என்றார் அம்மா.

நான் மாலையைப் பிய்த்து எறிந்தேன். மனுசன் ஓடி வந்தார்.

"இஞ்சரும், சனம் பாக்குது. எல்லாரும் படம் குடுத்தவை. நாங்கள் மட்டும் குடுக்காட்டி என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும்! அவன் செத்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். குங்குமத்தோடு தம்பியின் நெற்றியும் ஒரு புருவமும் சேர்ந்து போயின. மனுசனையும் மண்டபத்துக்காரரையும் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். ஆனால் துடைத்தவள் நான். அந்தக் கோபம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை அந்தப் படத்தை சிமோனின் மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என் தாடையைப் பிடித்து யன்னல் பக்கம் திருப்பினார். இல்லாமற்போன புருவத்தை என் முகத்தில் இருந்து எடுத்துக்கொண்டார்.

மூன்று கிழமை போனது. நான் அவருடைய பாத்திரம் கழுவுவேன், அவர் ரவியின் உதட்டை வரைவார். ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் கதைத்தது டேனிஷில், நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"செத்த ஆளெண்டால் முகத்துக்குப் பின்னாலை சாம்பல் மேகம் போடுவன். உயிரோடை இருந்தால் நீலம். இவன் எது?"

கையிலிருந்த துணியை எறிந்துவிட்டேன். "நீயுமா? உனக்கும் அவன் சாகவேணுமா?" என்று கத்தினேன். வேலை போயிருக்கும். கவலைப்படவே இல்லை.

சிமோன் குனிந்து துணியை எடுத்துத் தந்தார்.

"எனக்குப் பதினேழு வயசிலை எங்கடை யுத்தம் முடிஞ்சுது" என்றார். "ஒரு தகப்பன் வந்து தன்ரை மோன் செத்திட்டான், தாய்க்குப் படம் வேணுமெண்டான். சாம்பல் போட்டுக் குடுத்தன். கோடையிலை அந்தப் பெடியன் ஜேர்மன்காரன்ரை முகாமிலை இருந்து எலும்பும் தோலுமாய் வந்து நிண்டான். தாயின்ரை கழுத்திலை தன்ரை சாவைப் பாத்தான். கழட்டி அடுப்பிலை போட்டான். அதுக்குப் பிறகு கழுத்திலை போடுற ஆள் சொன்னால்தான் நிறம் போடுவன். வேறை ஆர் சொன்னாலும் போடமாட்டன்."

"போடப்போறது அம்மா. அவ ஒண்டும் சொல்லமாட்டா" என்றேன்.

"அப்ப வெறுந்தோலாய் இருக்கட்டும்."

அப்படியே விட்டார். தோலின் நிறத்துக்கு நடுவில் ரவியின் முகம் மட்டும். அம்மா அதைச் சங்கிலியில் கோத்துப் போட்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

இப்போது சிமோனும் இல்லை. என் மகளின் போனில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கே பத்துப் படம் கிடக்கிறது. எனக்குச் சில நேரம் எரிச்சல் வரும்... எங்களுக்கு ஒரு முழு மனிதனுக்கு இருந்ததே அந்தப் பெருவிரல் அளவு துண்டுதான்.

போன வருடம் அம்மா போனார். மனுசன் அம்மாவின் படத்தைச் சட்டம் போட்டு, பொட்டைக் கவனமாகக் கண்ணாடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரவியின்ரையையும் பக்கத்திலை வைப்பமே?" என்றார். இந்தத் தரமாவது கேட்டாரே!

நான் அம்மா போட்டிருந்த அந்தச் சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டேன். மகள் கிட்ட வந்து பார்த்தாள். அவளுக்கு டேனிஷ்தான் வாயில் வரும்.

"லெவர் ஹான்?" என்றாள். மாமா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. பஸ்ஸிலை ஏத்தினவைக்குத் தெரியும். அவையைக் கேள்."