காரமடை வரைக்கும்

எங்கள் பெரியப்பாவுக்கு மனிதர்களைவிட இயந்திரங்கள்மேல் நம்பிக்கை அதிகம். பீளமேட்டில் பம்ப் பட்டறை வைத்திருந்தார். காருக்குப் பெட்ரோல் போட்டால், ஓடிய தூரத்தை மீட்டரில் பார்த்து மைலேஜ் கணக்குப் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவரின் வீட்டிலேயே மீட்டர் ஓடாத கார் ஒன்று வருடக்கணக்காக நின்றது. அது அப்பாருவின் கார் என்பதால் தப்பித்தது.

அப்பாரு என்றால் என் அப்பாவையும் பெரியப்பாவையும் பெற்றவர். அந்தப் பழைய மோரிஸை அவர் ஒருவர்தான் ஓட்டுவார். "கேபிள் அறுந்து போச்சு, இப்பெல்லாம் அது எங்க கெடைக்குது" என்று அவர் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. சனிக்கிழமை தவறாமல் காரமடை ரங்கநாதர் கோயிலுக்குத் தனியாகக் கிளம்பிவிடுவார். நான் அழுது புரண்டாலும் கூட்டிப்போக மாட்டார். சாயங்காலம் திரும்பி வரும்போது பை நிறைய மண் காயாத கேரட் இருக்கும். எனக்கு அது போதும். கோயிலுக்குப் போனவர் ஒரு துளசி இலைகூடக் கொண்டு வருவதில்லையே என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் பக்தி கிடையாது.

எங்களுக்கு ஓர் அத்தையும் உண்டு. உண்டு என்று வீட்டில் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பத்துப் பையனை அவர் கட்டிக்கொண்டு போய்விட்டார். மாமாவுக்கு மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் வேலை. சொந்தபந்தம் பார்க்க அப்பாரு கிணற்றடியில் தலை முழுகினாராம். மகள் செத்தாள் என்று அர்த்தம். தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர் பெரியப்பா. "அவ வாசப்படிய இந்த ஊட்டாளுக யாரு மிதிச்சாலும், அதோட நான் இந்த ஊட்டுல இல்ல" என்றும் பெரியப்பாவே சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அப்பன் சொல்லைக் காப்பாற்றுவதையே ஒரு தொழிலாக வைத்துக்கொண்டார். அப்பன்கூட அதை அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கவில்லை என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

அப்பாரு செத்த அன்றுதான் அத்தையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். கலைந்த தலையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரே ஒருக்கா மொகத்தப் பாத்துட்டுப் போயர்றனுங்கண்ணா" என்று கெஞ்சினார். "அப்பன் உன்னையத் தலை முழுகிப்போட்டாரு. அவரு பேரக் கெடுக்காத, போ" என்று பெரியப்பா கேட்டைச் சாத்தினார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பாடை தெருமுனை திரும்பும் வரை ரோட்டோரத்திலேயே நின்றார். நானும் அழுதேன். யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

வருசத் திதிக்குள் அந்தக் காரைப் புதுசாக்கி வாசலில் நிறுத்தி மாலை போட வேண்டும் என்று பெரியப்பா முடிவு செய்தார். பெயிண்ட் அடித்தாயிற்று, சீட் தைத்தாயிற்று. பட்டறை ஆட்கள் யாரையும் தொடவிடவில்லை. கடைசியாக மீட்டர் போர்டு பாக்கி. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக் கையை மேலே விட்டார். நான் டார்ச் பிடித்தேன். மீட்டருக்குப் பின்னால் கேபிளை இறுக்கும் ஒரு திருகு இருக்குமாம், அதைத் தேடினார்.

"லைட்ட இப்படிக் காட்டு, கண்ணு" என்றார்.

கேபிள் அறுந்திருக்கவில்லை. திருகைப் பதமாகக் கையால் கழற்றி, முனையில் கிரீஸ் தடவி, அப்பாருவின் வேட்டிக் கிழிசலில் சுற்றி, ஆடாமல் ஓரமாகக் கட்டி வைத்திருந்தது. பெரியப்பா அதைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். என்னை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினார். முள் துள்ளியது. "ஓடுதுங்க பெரியப்பா!" என்று நான் கத்தினேன். அவர் முகத்தில் சந்தோசமே இல்லை.

"கோயிலுக்குப் போறதுக்கு எதுக்கு மீட்டரக் கழட்டோணும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"கேரட்டு வாங்க அந்தாண்ட போயிருப்பாருங்க" என்றேன் நான், உதவியாக இருக்கட்டுமே என்று.

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காரமடையைத் தாண்டினால் மேட்டுப்பாளையம். "கேட்டுல நின்னு அத்தன கெஞ்சுனாளே, இத ஒரு வார்த்த சொல்லலையே" என்று கிரீஸ் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. பயத்தில் டார்ச்சை அணைக்கக்கூட மறந்துவிட்டேன்.

பிறகு, கொஞ்சமும் நம்ப முடியாதபடி, மாட்டிய கேபிளைக் கழற்றி அதே வேட்டித் துணியில் சுற்றிக் கட்டினார். மீட்டர் போர்டைத் துடைத்துப் பொருத்தி மூடி, பேட்டரி வயரை மாட்டினார். "ஏறு" என்றார்.

மேட்டுப்பாளையத்தில் மண்டிப் பக்கம் விசாரித்து ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். எந்த வீடென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மோரிஸின் சத்தம் கேட்டதுமே ஒரு கதவு படாரென்று திறந்தது. ஈரக் கையோடு அத்தை ஓடிவந்தார். சிரித்த முகமாகத்தான் வந்தார். ஓட்டுகிறவரைப் பார்த்ததும் வாசலிலேயே கால் நின்றுவிட்டது. செத்துப்போனவர் வரமாட்டார் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்ததுபோல இருந்தது.

மெல்ல கார் ஜன்னலண்டை வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்தார்.

"இதச் சரி பண்ணிப்போட்டீங்களாண்ணா?"

"இல்ல அம்மணி. அது ஓடாது."

அத்தை ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "உள்ள வாங்கண்ணா" என்றார். "எந்த மூஞ்சிய வெச்சுட்டு வரட்டும்?" என்று பெரியப்பா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். திதிக்கு வரச் சொல்லி அழைத்தார். "வேண்டாங்கண்ணா. அவரு பேரு கெடக் கூடாதுன்னுதான அன்னைக்கு வாய மூடிட்டு நின்னேன்" என்றார் அத்தை. உள்ளே போய் ஒரு பை கேரட் எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், எங்கே போயிருந்தீர்கள் என்று பெரியம்மா கேட்டார். "காரமடை வரைக்கும்" என்றார் பெரியப்பா. மீட்டர் சரியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, கேபிள் கிடைக்கவில்லை என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையில் என் கண்ணெதிரே முள் துள்ளியதே! இவ்வளவு பெரிய மெக்கானிக்குக்கு ஒரு திருகை இறுக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு ஒரு கேரட்டைக் கடித்தேன்.