முறுக்கிய செம்புக் கம்பியில் ஒரு வெள்ளைக் கோடு

மெர்சி மேடம் இன்று காலை போய்விட்டார்...

அவர் மகன்தான் போன் செய்தான்.

எண்பதுகளில் வேலூரில் ஒரு பாலிடெக்னிக் லேபில் ஒன்றாக வேலை பார்த்தோம். இரும்பையும் செம்பையும் இழுத்து, முறுக்கி, உடைத்துப் பார்க்கிற லேப்.

கம்பியை முறுக்கினால் அது எவ்வளவு உருமாறியது என்று தெரிய, முதலிலேயே நீளவாக்கில் ஒரு கோடு போட்டு வைப்போம். கோட்டின் சாய்வை வைத்துத்தான் கணக்கு. ஆனால் நிறைய முறுக்கினால் பெயின்ட் உரிந்து கொட்டிவிடும்.

ஒருநாள் மேடம் ஆம்பூரிலிருந்து ஒரு டப்பா வெள்ளைக் கலர் கொண்டுவந்தார். அவர் அண்ணனுக்குத் தோல் ஃபேக்டரியில் கலர் அடிக்கிற செக்‌ஷனில் வேலை.

"ஷூ எவ்ளோ மடங்குனாலும் உரியாத கலர் சார். கம்பிக்கு மட்டும் இன்னா?"

உரியவில்லை. கோடு திருகாணி மரை மாதிரி கம்பியைச் சுற்றிக்கொண்டு நின்றது.

அங்கேதான் எங்கள் சண்டை ஆரம்பம். இந்த முறுக்கு எவ்வளவு இழுப்புக்குச் சமம்?

நான் ஒவ்வொரு சிறு முறுக்கையும் கூட்டி, ரூட் மூன்றால் வகுப்பேன். மேடம் ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பார்த்து லாகரிதம் போடுவார். சின்ன முறுக்கில் இரண்டும் ஒன்றுதான். பெரிதாகப் பெரிதாக என் விடை ஜாஸ்தியாகிக்கொண்டே போகும்.

"ஆம்பூர்லேர்ந்து ஒடுகத்தூர் சுத்திக்கினு வந்தாலும், வேலூர் அதே தூரத்துலதான சார் இருக்குது?"

"பஸ்ல குலுங்குன உடம்பு ஒத்துக்குமா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. மெஷினைப் பின்பக்கமாகச் சுற்றச் சொன்னார்... கோடு பழையபடி நேராகும் வரை.

பார்த்தால் முறுக்காத கம்பிதான். அவர் கணக்குப்படி விடை பூஜ்யம். ஆனால் ஹார்ட்னஸ் எடுத்தபோது, மெத்தென்று இருந்த செம்பு நன்றாக இறுகிப் போயிருந்தது.

"சரி, திரும்பி வந்தா உங்க கணக்கு. ஒரே பக்கமா போய்க்கினே இருந்தா? அதுக்கு இன்னா ப்ரூஃப்?"

ப்ரூஃப் இல்லை. வெறுமனே இழுத்தால் செம்பு சீக்கிரமே ஓரிடத்தில் மெலிந்து அறுந்துவிடும். அதற்கு மேல் போன முறுக்கை எந்த இழுப்போடு ஒப்பிடுவது?

ரிடையரான பிறகும் போன் போட்டால் இதே பேச்சுதான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு, அந்தக் கலரில் கோடு போட்டு முறுக்கிய பழைய கம்பி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் உரியல பாருங்க... விடை கெடச்சுதா சார்?"

"இல்ல மேடம்."

"கெடச்சா சொல்லுங்க. என் பக்கமா இருந்தா மட்டும்."

கம்பி இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. சண்டை போடத்தான் ஆள் இல்லை.

இன்னும் கெடைக்கல மேடம்... போய்ட்டு வாங்க.